கடைசியாக ஏறியவன்

பெல்ட்டையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவன் மறுபடியும் எடைமேடையில் ஏறினான். மேடை கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. காலணி, சாவிக்கொத்து, பர்ஸ், கைப்பேசி எல்லாம் ஏற்கெனவே மேஜைக்குப் போய்விட்டன. இனிக் கழற்ற மானம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு எடை கிடையாது என்பது போன தடவை ஏறியபோதே தெரிந்துவிட்டது.

“இன்னும் நாலு கிலோ அதிகம் சார்,” என்றாள் கவுண்டர் பெண்.

“நாலு கிலோல என்ன? கம்பி அறுந்துடுமா?”

“கம்பி அறாது சார். பிரேக் பிடிக்காது. அந்தப் பக்கம் பாறைல போய் மோதுவீங்க.”

“மோதிக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் பாலைவனம் சட்டென்று வாய் பிளந்து பள்ளத்தாக்காகிக் கிடந்தது. சிவப்புப் பாறைகள் அடுக்கடுக்காகக் கீழே இறங்கின. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே ஒரு கம்பி. முடிவில் நீலப் பந்தல் போட்ட மேடை. பந்தலுக்குக் கீழே எறும்பு அளவில் ஒருவர் குனிந்திருந்தார், ஒருவர் படுத்திருந்தார். படுத்திருந்தவர் அவனுடைய அப்பா. கம்பியில் தொங்கிப் போனால் ஒரு நிமிஷம். பள்ளத்தாக்கைச் சுற்றி வேனில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வாக்கி டாக்கி கரகரத்தது. அவள் அதைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் அவனைப் பார்க்கவில்லை.

“சார், கொஞ்சம் உக்காருங்க.”

“உக்கார நேரமில்லைம்மா. என்னன்னு சொல்லுங்க.”

“பெரியவருக்கு மூச்சு நின்னுடுச்சாம் சார். நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பாத்திருக்காங்க. வரலை.”

அவன் மேடையிலிருந்து இறங்க மறந்து நின்றான். மேடை கத்திக்கொண்டே இருந்தது. அந்த அறையில் அப்போது அழுதது அது ஒன்றுதான்.

“வேனை வரச் சொல்லியிருக்கேன். அதுல போயிடுங்க,” என்றாள். பிறகு, ஆறுதலாகத்தான், “இனிமே அவசரம் இல்லையே சார்,” என்றாள்.

அவசரம் இருந்தது. அவன் சட்டைப்பையில், கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்தது. வெளியில் சொல்லத்தான் வழியில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்கு வரும்போது கிரீஸ் வாசனை அவருக்கு முன்னால் வந்து கதவைத் தட்டும். ஓய்வு பெற்ற பிறகு, ஏதோ விளம்பரத்தில் இந்த ஜிப் லைனைப் பார்த்துவிட்டுப் பிடித்த பிடியை விடவில்லை. “இத்தனை வருஷம் மேலயும் கீழயுமே போயாச்சுடா. ஒரு தடவை குறுக்கால போகணும்.”

இரண்டு பேருமாகப் போவதாகத்தான் திட்டம். காலையில் இதே மேடை அவனைக் காட்டிக் கொடுத்தது. அப்பாவுக்குக் கொண்டாட்டம். அவன் சிறுவனாக இருந்தபோது, நெரிசலான லிஃப்டில் மணி அடித்தால் அவர் எல்லோரையும் விட்டுவிட்டு அவனைத்தான் பார்ப்பார். அதே பார்வை.

“பெல் அடிச்சா கடைசியா ஏறினவன் இறங்கணும்,” என்று சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

வாயை மூடாமல் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேலும் கீழும் முழுப் பல்செட். அது அவருடைய சொந்தப் பல் என்று அவர் நம்பவைத்தார், மற்றவர்கள் நம்பியதாக நடித்தார்கள். அந்த ஏற்பாட்டில்தான் குடும்பமே ஓடியது. இன்றைக்கு, கழன்று விழக்கூடியதை எல்லாம் கழற்றி வைக்கவும் என்ற பலகையை வெகுநேரம் படித்துவிட்டு, அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து கைக்குட்டை மடிப்பு ஒன்றை அவன் கையில் அழுத்தினார். வாயைத் திறக்காமல் புருவத்தால் மிரட்டினார். பிரித்துப் பார்த்தால் தொலைத்துவிடுவேன் என்று அர்த்தம். செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் மட்டும் எல்லோர் கண்ணெதிரே கவுண்டரில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

மேஜைமேல் கிடந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது வேன் வந்தது. அதன் வயதுக்கு அதையும் யாராவது மரியாதையாகப் பெரியவர் என்று கூப்பிட்டிருக்கலாம். கொஞ்ச தூரத்தில் சங்கிலி போட்ட கேட். ஓட்டுநர் இறங்கிப் பூட்டோடு பேச்சுவார்த்தை நடத்தினார்.

“மணல் புகுந்திருக்கு தம்பி. மெதுவாத்தான் திருப்பணும்.”

“உடைச்சுடுங்கண்ணே.”

“உடைச்சா யாரு பதில் சொல்றது?”

அவன் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அழுதாள். யாரைக் கேட்டு அழைத்துப் போனாய் என்று திட்டினாள். திரும்ப அழுதாள். பிறகு சட்டென்று குரல் மாறியது.

“டேய், பல்லு போட்டிருக்காரா?”

“உனக்கும் தெரியுமா?”

“தெரியாம? எல்லாருக்கும் தெரியும்டா தடியா. பல்லு எங்க?”

“எங்கிட்ட.”

“நீ எங்க?”

“இந்தப் பக்கம்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பின்னர் வார்டில் பேசுகிற குரலில் சொன்னாள். “கேளு. ரெண்டு மணி நேரத்துல தாடை இறுக ஆரம்பிச்சுடும். இந்த வெயிலுக்கு அதுக்கும் முன்னாடியே. போன உடனே தண்ணில நனைச்சுட்டு மேல் செட்டை முதல்ல போடு, அப்புறம் கீழ. எல்லாரும் பாக்க வருவாங்கடா. பொக்கை வாயோட அவரைப் படுக்க வெச்சா நம்மள மன்னிக்கவே மாட்டாரு.”

பூட்டு திறந்தது. சமவெளி முடிந்து ஏற்றம் வந்ததும் பின்சக்கரம் மணலில் புதைந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம்.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. நீங்க கொஞ்சம் இறங்கினா வெயிட்டு குறையும்.”

அவன் இறங்கினான். வேன் உறுமிக்கொண்டு மேலே போனது. தன் எடையைத் தானே சுமந்துகொண்டு அவன் பின்னால் ஏறினான். வலது கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மணலைத் திட்டினான், வெயிலைத் திட்டினான், தினமும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்ட தன்னைத் திட்டினான். பள்ளத்துக்கு மேலே அந்தக் கம்பி மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

நீலப் பந்தலுக்குக் கீழே அப்பா தலைக்கவசத்தோடு படுத்திருந்தார். தூசிக்காகக் கழுத்தில் கட்டிவிட்ட துணியை யாரோ மூக்குவரை ஏற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த வழிகாட்டிப் பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன.

“ஈ மொய்ச்சுது சார், அதான் மூடினேன். வாயோட வாய் வெச்சு ஊதிப் பாத்தேன். முடியல.”

அம்மாவுக்குக்கூடக் காட்டாத ரகசியத்தை முன்பின் தெரியாத ஒரு பெண் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். அவன் கைக்குட்டையைப் பிரித்தான். “தண்ணி இருக்காம்மா?” என்று கேட்டான்.

துணியை விலக்கினான். சிறிய, குழிந்த, வேறு யாருடையதோ போன்ற வாய். பற்களை நனைத்தான். மேல்வரிசை உள்ளே போய்ப் பொருந்தியது. பாதி முகம் அப்பாவாகத் திரும்பி வந்தது. கீழ்வரிசைக்குத் தாடை இடம் கொடுக்கவில்லை. சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். “கொஞ்சம் திறங்கப்பா,” என்றான். பூட்டு, மணல், ஏற்றம் என்று மனம் கணக்குப் பார்த்தது. “திறங்கப்பான்னு சொல்றேன்ல!” என்று கத்தினான். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது.

“விடுங்க சார்,” என்றாள் அந்தப் பெண். “வந்து இறங்கினதும் ‘இன்னொரு தடவை போலாமா’ன்னு கேட்டாரு. நான் கொக்கியைக் கழட்டிட்டு இருந்தேன். அப்படியே உக்காந்துட்டாரு.”

திரும்புகையில் வேன் எங்கேயும் புதையவில்லை. அவசரம் இல்லாதபோது சமர்த்தாக ஓடியது. கவுண்டர் பெண் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. வேனிலேயே அப்பாவை விட்டு, ஓட்டுநரைக் காவல் வைத்துவிட்டு, அவருடைய செருப்பையும் கண்ணாடியையும் வாங்க உள்ளே போனான். கவுண்டருக்கு முன்னால் நிற்பதென்றால் எடைமேடைமேல்தான் நிற்க வேண்டும். ஏறினான். கத்தியது.

கவுண்டர் பெண் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். தயங்கினாள்.

“நடுவழில கேமரா தானா ஒரு படம் எடுக்கும் சார். சொன்னீங்கன்னா அழிச்சிடறேன்.”

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

வானத்துக்கும் பாறைக்கும் நடுவில் அப்பா தொங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே வாரைப் பிடித்திருந்தன. மூடக் கை இல்லை. வாய் முழுதாகத் திறந்திருந்தது. ஈறு தெரிய, கண் இடுங்க, பல் முளைக்காத பிள்ளையைப்போல் சிரித்தார்.

சட்டைப்பையில் கீழ்வரிசை கனத்தது.

பின்னால் யாரோ ஒரு குடும்பம் வரிசையில் வந்து நின்றது. “அண்ணே, கொஞ்சம் இறங்கினீங்கன்னா நாங்க ஏறிடுவோம்.”

“அழிச்சிடவா சார்?”

“இருங்க,” என்றான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மேடை கத்திக்கொண்டே இருந்தது. அவன் இறங்கவில்லை.