உறங்குவோர் வராதவர்

எங்கள் சபையின் வருகைப் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே ஒரு விதி இருந்தது. சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு: ‘ஆராதனையில் உறங்குவோர் வராதவராகக் கருதப்படுவர்.’

எழுதியவர் சபைச் செயலாளர். முப்பத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஆட்களின் வருகை குறிக்கும் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது, அவர் தொழிற்சாலையை விடவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் பதிவேட்டோடு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி ஒரு சுற்று வருவார். கண் திறந்திருந்தால் டிக். மூடியிருந்தால் வாயைக் கவனிப்பார். ஜெபிக்கிறவனுக்கு வாய் மூடியிருக்கும், தூங்குகிறவனுக்குத் திறந்திருக்கும் என்பது அவருடைய இறையியல். திறந்திருந்தால் பெருக்கல் குறி.

அந்தக் கணக்குப்படி நானும் என் அக்காவும் ஒரு வருடமாக சபைக்கு வரவே இல்லை.

நாங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. காலை ஆறு மணிக்கு முடியும். பின்வாசலில் இறங்கி ரோட்டைக் கடந்தால் சபை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் கடப்போம், உடம்பெல்லாம் பிளீச்சிங் வாடையோடு. ஆராதனை ஒன்பதரைக்கு. மூன்றரை மணி நேரம் கடைசி பெஞ்சுகளில் கண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாட்டு வரைக்கும் தாங்கும். போதகர் “இரண்டாவதாக” என்று சொல்லும்போது எங்கள் பக்கம் மொத்தமும் சாய்ந்திருக்கும்.

அக்காவின் குழந்தை பிறந்தபோது மூன்று நாள் மூச்சு விடத் திணறியது. இரண்டு வயசாவதற்குள் சபையில் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று அக்கா அப்போது ஆண்டவரிடம் சொல்லிவிட்டாள். பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைக் கேட்கப் பக்கத்து அறைக்குப் போனோம். அங்கே எதிர்காலத் திட்டக் குழு கூடியிருந்தது.

குழுவில் நான்கு பேர். டைம்கீப்பர், ஓய்வு பெற்ற கண் டாக்டர், பியானோ வாசிக்கும் பாட்டு டீச்சர், அப்புறம் போதகர். போதகரைத் தவிர எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். சுவரில் ஒரு அட்டை: ‘இளைஞர்களை ஈர்ப்பது எப்படி?’

“பெரிய திரை வாங்கணும். அதுல வசனம் ஓடணும்” என்றார் டாக்டர்.

“கிட்டார் வேணும்” என்றார் பாட்டு டீச்சர். “ஆனா சத்தம் வரக்கூடாது.”

“வாசல்ல காபி வைக்கலாம். இளைஞர்களுக்குக் காபி பிடிக்கும்னு படிச்சேன்” என்றார் டைம்கீப்பர். அப்போதுதான் எங்களைப் பார்த்தார். “என்னம்மா? கூட்டம் நடக்குது.”

அக்காவுக்கு இருபத்தாறு வயது. எனக்கு இருபத்து மூன்று. எதிர்காலம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றதில் அவருக்கு எரிச்சல்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். டைம்கீப்பர் பதிவேட்டைப் புரட்டினார்.

“ஆறு மாச வருகை இருந்தாத்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். உனக்கு ஒண்ணுகூட இல்லையேம்மா.”

“ஒரு வாரம் தவறினது இல்ல சார். பாருங்க, பேருக்கு நேரா நீங்களே குறி போட்டிருக்கீங்க. ஆளைப் பார்க்காமலா போட்டீங்க?”

“வந்த. இருக்கல.”

“ஐயா, நீங்களாவது சொல்லுங்க.”

போதகர் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் பழைய போதகரின் நாற்காலியில் நுனியில்தான் உட்காருவார். “விதின்னு ஒண்ணு இருக்கேம்மா” என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். “நீ ஏன்டா வாயத் திறக்கல?”

“திறந்தா பெருக்கல் குறி போட்டுருவாரு.”

அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது ஞாயிறு ஒரு பார்வையாளர் வந்து எண்ணுவார். பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் ஒரே ஆராதனையில் நாற்பது பேராவது இல்லையென்றால் சபையை மூடி, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சபையோடு சேர்த்துவிடுவார்கள். டைம்கீப்பரின் டிக்குகள் எந்த வாரமும் இருபத்தாறைத் தாண்டியதில்லை.

கடிதம் வந்த வார ஞாயிறு காலையில் அவரே எங்கள் பெஞ்சுக்கு வந்தார். கையில் ஒரு காபி ஃபிளாஸ்க். அவர் யாருக்காவது எதையாவது ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

“ஏம்மா, அவங்க எண்ண வர்ற அன்னைக்கு மட்டும் உங்க ஆளுங்க முழிச்சிருக்கணும்.”

எங்களில் நீராவி இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு நீராவி என்றே பெயர். “எங்க சார் முழிச்சிருக்க? நாங்கதான் வரவே இல்லையே” என்றான்.

“விளையாடாதப்பா. சபை போயிடும்.”

அக்கா காபியை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். “ஆராதனைய ஆறரைக்கு வைங்க. வேலை முடிஞ்ச சூட்டுல முழிப்பாத்தான் இருப்போம். முதல்ல என் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அப்புறம் மத்ததெல்லாம்.”

“ஆறரைக்கா? பெரியவங்க எப்படிம்மா எழுந்து வருவாங்க?”

“ஒரே ஒரு நாள் சார். நாங்க ஐம்பத்திரண்டு வாரம் வந்தோம்.”

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் அன்றைக்கு ஏனோ மடிப்பு எதையும் நீவவில்லை. “ஆறரைக்கே வைப்போம்” என்றார்.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் பன்னிரண்டு பேரும் ரோட்டைக் கடந்தபோது மச்சான் குழந்தையோடு வாசலில் நின்றார். எட்டு மணிக்கு வண்டி எடுக்கிற டிரைவர். பதிவேட்டில் பெயர் இருந்தும் இதுவரை ஓர் ஆராதனைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பழைய இருபத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். பாட்டு டீச்சர் கண்ணைத் திறக்காமலே முதல் பாட்டை வாசித்தார்.

பார்வையாளர் அம்மா கடைசியில் உட்கார்ந்தார். கையில் அமுக்கி எண்ணுகிற சின்னக் கருவி.

ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீர் பட்டதும் குழந்தை ஆஸ்பத்திரியை எழுப்புகிற மாதிரி கத்தியது. மூச்சு நன்றாகத்தான் இருந்தது. போதகர் அதன் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து, முந்தானையால் அதன் தலையைத் துவட்டினாள். அது உடனே தூங்கிப்போனது.

பிரசங்கம் தொடங்கியது. “இரண்டாவதாக” வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன் பெஞ்சுகள் சாய்ந்திருந்தன. டாக்டரின் தலை மார்பில். பாட்டு டீச்சர் பியானோமேல். டைம்கீப்பர் பதிவேட்டை மடியில் வைத்து, பேனாவைத் திறந்தபடி, வாயையும் திறந்தபடி குறட்டை விட்டார். கடைசி பெஞ்சுகளில் பன்னிரண்டு சலவைக்காரர்கள் ஆந்தை மாதிரி விழித்திருந்தோம். பிரசங்கத்துக்கு மூன்றாவது பகுதியும் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பார்வையாளர் அம்மா டைம்கீப்பரிடமிருந்து பதிவேட்டையும் பேனாவையும் மெல்ல எடுத்தார். முதல் பக்கத்தைப் படித்தார். எங்களிடம் வந்து குனிந்தார்.

“உங்க பதிவேட்டு விதிப்படிதான் நான் எண்ணணும். தூங்குறவங்கள விட்டா பதினஞ்சுகூட தேறாது. எல்லாரையும் சேர்த்தா முப்பத்தொன்பது, இந்தப் பிள்ளையோட நாற்பது. பிள்ளையும் தூங்குது. இந்த விதி இருக்கா, இல்லையா?”

எனக்கு அந்த நொடி நாவில் எச்சில் ஊறியது. முன் பெஞ்சு மொத்தத்துக்கும் பெருக்கல் குறி போடலாம். ஐம்பத்திரண்டு வாரம். பேனாவை அந்த அம்மாவிடமிருந்து நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அக்கா தன் மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, சிவப்பு வரிமேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். “எல்லாருக்கும் டிக் போடுறா. வந்தவங்க வந்தவங்கதான்.”

போட்டேன். கை கூசத்தான் செய்தது.

கடைசிப் பாட்டில் டைம்கீப்பர் விழித்தார். பதிவேட்டைத் தேடி வந்து முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“யாரு அடிச்சது?”

“நான்தான் சார்” என்றாள் அக்கா. “அடிக்கலன்னா உங்க பேருக்கும் பெருக்கல் குறிதான்.”

அவர் தன் பெயரைத் தேடினார். பக்கத்தில் என் கோணல் டிக். பதிவேட்டை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஆராதனை மறுபடி ஒன்பதரைக்கு. கடைசி பெஞ்சில் நாங்கள் தூங்கினோம், இந்தமுறை வந்தவர்களாக. எதிர்காலத் திட்டக் குழுவின் அறிக்கையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சபை பிழைத்ததற்குக் காரணம் நவீனத் திரையும் காபித் திட்டமும் என்று அதில் இருந்தது. திரை இன்னும் வாங்கவில்லை.

அக்கா அதைப் படித்துவிட்டு, ஆறரை மணி ஆராதனை வேண்டும் என்று ஒரு மனு எழுதினாள். பன்னிரண்டு கையெழுத்து. பதின்மூன்றாவதாகக் குழந்தையின் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.