பேர் சொல்லாத உதாரணம்

வேதத்தில் எந்த வரியைக் கொடுத்தாலும் அதை இஸ்ரேலின் அஷ்தோத் நகரத்து வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுவிடுவான் அம்ராம் வாக்னின். பிழைப்பு திரைச்சீலைக் கடை, ஆசை பிரசங்கத்தில். சனிக்கிழமை சாயங்காலம் யூத ஜெப ஆலயத்தில் அந்த வாரத்துத் தோரா வேதப் பகுதியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசுவான். நோவா பேழைக்குள் அடைந்து கிடந்தானா, அப்படியென்றால் நாமும் வாரத்தில் ஒரு மாலை டிவியை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு அடைந்து கிடக்க வேண்டும். பிலேயாமின் கழுதை வழியில் நின்று வாய் திறந்து பேசியதா, அப்படியென்றால் காரில் வழி சொல்லும் குரலை எதிர்த்துப் பேசக்கூடாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எல்லோராலும் முடியாது. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்; அதில் பாதிப் பேர் தூக்கத்தில் ஆட்டுகிறவர்கள்.

ஜூன் மாதத்தில் மிரியாமின் பகுதி வந்தது. தம்பி மோசேயைப் பற்றிப் புறம் பேசி, அதற்குத் தண்டனையாகக் குஷ்டம் பிடித்து, பாளையத்துக்கு வெளியே கிடந்தவள். அம்ராமுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் யாரும் தூங்காமல் இருக்க ஓர் உதாரணம் வேண்டுமே. பேர் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே முன்ஜாமீன் வாங்கிக்கொண்டான். நம் தெருவிலேயே ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு கல்யாணம் நின்றுபோயிருக்கிறது, தப்பு பெண் மேலா பையன் மேலா என்று நாம் விசாரிக்கலாமா, விசாரித்தால் நாமும் மிரியாம்தானே, என்றான்.

அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை. அந்தத் தெருவில் நிச்சயமான வீடு ஒன்றே ஒன்றுதான். பேக்கரி வைத்திருக்கும் ப்ராஸ்பர் எல்காயமின் வீடு, அவர் மகள் ஓஷ்ராத்.

இந்தச் செய்தியை அம்ராமுக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு குடிபோகிற வீட்டுக்கு அவன் கடையில்தான் திரைச்சீலை சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ப்ராஸ்பர் ஃபோன் செய்து, துணியை இப்போதைக்கு வெட்டாதே என்றார். வேதத்துக்கே உரை எழுதுகிற மூளைக்கு அது போதாதா.

யூதர்கள் ஒரு நாள் முழுக்க நோன்பிருக்கும் பாவநிவாரண நாள் நெருங்கியது. கடவுளுக்குச் செய்த தப்பை அந்த நோன்பு தீர்த்துவிடும். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் தீர்க்க வேண்டும். இதையும் அம்ராமே பிரசங்கம் செய்திருக்கிறான். எனவே, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளை மன்னிக்கவும் என்று ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கத் தட்டிவிட்டான். ஊரும் அதே செய்தியை அவனுக்குத் தட்டிவிட்டிருந்தது. ப்ராஸ்பர் மட்டும் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. எத்தனையோ வருஷமாக ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர், ஜூனுக்குப் பிறகு வாசலோரம் மாறிவிட்டார். அந்தக் காலி இடம் அம்ராமை உறுத்தியது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் இந்த வருஷ நோன்பு வெறும் பட்டினிதான் என்று பயந்தான்.

மதச் சட்டத்தில் அதற்கும் ஒரு வழி இருந்தது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். அப்படி மூன்று தடவை கேட்டும் அவர் மனம் இளகாவிட்டால், கேட்டவன் தப்பித்தான். அம்ராமுக்கு இது பிடித்திருந்தது. ஜெப ஆலயத்திலிருந்து மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு போனான்.

ப்ராஸ்பர் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. எதற்கு மன்னிப்பு என்று மட்டும் கேட்டார்.

"எது இருந்தாலும் சரி ப்ராஸ்பர். மொத்தமா."

"மொத்த வியாபாரமெல்லாம் பேக்கரியில. இங்க, என்ன செஞ்சேன்னு சொல்லு."

அம்ராம் வாயைத் திறந்தான். கூட வந்த மூவரும் ஓரடி நெருங்கி வந்தார்கள். சொன்னால், அதே கதையை இன்னொரு தடவை மூன்று பேருக்குப் பரப்பியது ஆகும். சொல்லாவிட்டால் மன்னிப்பு கிடையாது. தனியாக வந்து சொல்லலாம் என்றால், சாட்சி இல்லாமல் கேட்டது கணக்கில் சேராது. ஊருக்கெல்லாம் முடிச்சுப் போட்டவன் வாயை மூடிக்கொண்டான். ப்ராஸ்பர் கதவை மூடினார்.

வீட்டில் மனைவி சொலிக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, மேட்ச் ஆடப் போறீங்களா, டீம் சேர்த்துக்கிட்டு? தனியாப் போங்க. கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

நோன்புக்கு முந்தின மத்தியானம் தனியாகப் போனான். ஓஷ்ராத் கதவைத் திறந்தாள். ப்ராஸ்பர் நோன்புக்கு முந்தின சடங்கு முழுக்குக்குப் போயிருந்தார். அப்பா வந்ததும் வருகிறேன் என்று அம்ராம் திரும்பினான்.

"அப்பாகிட்ட எதுக்கு மாமா? நிச்சயம் ஆனது அவருக்கா?"

இத்தனை மாதத்தில் இது அவனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. காது சுட்டது. படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். துணியை வெட்டாதே என்றதை வைத்துக் கல்யாணம் நின்றுவிட்டதென்று தானாக நினைத்துக்கொண்டதையும், கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்ற பெருமைக்காகவே அதைப் பேசியதையும் சொன்னான். மன்னிச்சிடும்மா என்றான்.

"அன்னைக்கு அது நிக்கவே இல்ல மாமா," என்றாள் ஓஷ்ராத். "எந்த வீட்டுக்குக் குடிபோறதுன்னு எங்களுக்குள்ள ஒரு சண்டை. கட்டிக்க இருந்தவனுக்கு அவங்கம்மா வீட்டுப் பக்கத்துல வேணும். அது முடிவாகுற வரைக்கும் துணியை வெட்ட வேணாம்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். நீங்க பேசின மறுநாள் அவங்கம்மா ஃபோன் பண்ணி, கல்யாணம் நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியான்னு கேட்டாங்க. நான் இல்லன்னேன், நம்பல. அதோட முறிஞ்சுது."

இருந்த செய்தியைத்தான் வெளியே விட்டோம் என்று அம்ராம் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

"நான் போய் அவங்கம்மாகிட்ட சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான்தான்னு."

"வேணாம் மாமா. இன்னும் ரெண்டு வாரத்துல, கூடாரப் பண்டிகை முடிஞ்சதும் அவனுக்குக் கல்யாணம். வேற பொண்ணு."

நோன்பு நெருங்க நெருங்கத் தெருவில் கார்கள் குறைந்துகொண்டிருந்தன. அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சேன்னு நான் சொன்னா உங்களுக்கு நோன்பு நல்லபடியாப் போயிடும். எனக்கு இந்த வருஷம் சொல்ல வரல. கிளம்புங்க, சாப்பாட்டு நேரம் தாண்டிடும்."

வீட்டில் சொலிக்கா நோன்புக்கு முந்தின சாப்பாட்டைப் பரிமாறி வைத்திருந்தாள். கோழி சூப்பும் சோறும். சீக்கிரம் சாப்பிடுங்கள், இனி நாளை ராத்திரிதான் என்றாள். அம்ராம் கரண்டியை எடுத்தான். அப்படியே கீழே வைத்தான். பொழுது சாய்ந்து நோன்பு தொடங்க இன்னும் நேரமிருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.