கைப்பிடிக் குழாயில் மூன்று தட்டு

உலகத்தில் இரும்பு இரண்டே வகைதான்: அவன் வெட்டி முடித்த இரும்பு, இனிமேல் வெட்டப்போகிற இரும்பு. கேஸ் சுடரால் இரும்பு வெட்டும் கேஸ் கட்டர்காரன் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பில் டீக்கடை பெஞ்சு மட்டும் லேசாக ஆடியது.

மூடிப்போன இரும்பாலையின் ஊதுலை பாதுகாக்கப்பட்ட சின்னம். அதற்குக் காவல் அவனுடைய அக்கா. சின்னங்களின் பட்டியலில் உலை இருந்தது. அதில் ஏறும் இரும்புப் படிக்கட்டைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்த, ஆலையைப் பழைய இரும்புக்கு உடைக்கும் காண்டிராக்டர், படியை வெட்ட அவனையே பிடித்தார். படி போனால் மேலே ஏறிப் பராமரிக்க முடியாது. பராமரிக்காத உலையை ஆபத்து என்று சொல்லி இடித்துவிடலாம். படியையும் சேர்த்த ஆணையோடு அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. காண்டிராக்டர் அவனைக் காலை ஒன்பதுக்கே வரச் சொன்னார்.

ஆலை ஓடிய காலத்து விதி ஒன்று உண்டு. படியடியில் வேலை தொடங்குமுன் கைப்பிடிக் குழாயில் மூன்று தட்டு. மேலே ஆள் இருந்தால் பதிலுக்கு மூன்று. அவர் இறங்கும்வரை கீழே யாரும் கை வைக்கக்கூடாது. உலை அணைந்து முப்பது வருடமாகியும் அக்கா தட்டிவிட்டுத்தான் பெருக்கினாள்.

“யாருக்கா மேல? புறா எந்திரிச்சு வணக்கம் சொல்லுமா?” என்று அவன் கிண்டலடிப்பான்.

“சத்தம் வரலைன்னா யாருமில்லன்னு அர்த்தம். வாய்மட்டும் வளந்தவனுக்கு இதெல்லாம் ஏறாதுடா.”

அன்று காவலறை பூட்டியிருந்தது. படியடியில் அக்காவின் செருப்பு, ஜோடியாக, வேண்டுமென்றே விட்டதுபோல.

“செருப்புக்கெல்லாம் லீவு விட முடியுமா? வெட்டுப்பா,” என்றார் காண்டிராக்டர்.

அவன் பற்றவைத்தான். நீலச் சுடர் சீறியது. முதல் படிக்கு ஒரு சாண் இருக்கும்போது வால்வை மூடினான். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, யாரும் கவனிக்காத மாதிரி, குழாயில் மூன்று முறை தட்டினான்.

மேலிருந்து மூன்று வந்தது. துரு கொட்டுகிற அளவுக்குக் கோபமான மூன்று.

“என்னடா சத்தம்?”

“மேல ஆள் இருக்கு சார். இறங்குற வரைக்கும் கை வைக்கக் கூடாது.”

“நீ வெட்டாத இரும்பே இல்லன்ன?”

“இதுவும் வெட்டப்போற வகைதான் சார். இன்னைக்கு இல்ல.”

காண்டிராக்டர் கத்தினார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோதெல்லாம், அக்கா இறங்கிவிட்டாளா என்று விதிப்படி சரிபார்க்க, அவன் மறுபடி தட்டினான். பன்னிரண்டு மணிக்கு அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றது. அப்போதும் தட்டிக்கொண்டிருந்தான்.