நூற்றுப் பத்தொன்பது பேரைக் குடித்த கட்டளை

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித இனம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம், கணினிக் கட்டளைக்குள் விவரங்களை மொத்தமாக ஊற்றும் ஸ்டாண்டர்ட் இன்புட்தான் என்பது பவனின் தீர்மானம். ஷெல் ஸ்கிரிப்டில் ஃபங்ஷன் என்கிற குட்டி நிரல் எழுதினால், பெயர்ப்பட்டியலைக் குழாய் வழியாக அதன் வாயில் ஊற்றிவிட வேண்டும். அதுவே வரி வரியாகப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு பெயராக, ஆர்க்யுமென்ட் என்று அதன் கையில் கொடுப்பது கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேலை.

"நம்ம தஹ்சீன் இன்னும் ஊட்டிக்கிட்டுதான் இருக்கா" என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தான்.

பௌர்ணமி அன்னதானத்துக்கு அடி அண்ணாமலையில் கொட்டகை. பரிமாற நூற்றிருபது மாணவர்கள் மூன்று மணிக்கு வர வேண்டும். அவர்களுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பைப் பொன்னுசாமி சாரிடம் பவன் கேட்டு வாங்கியிருந்தான். "ஒருத்தர் கம்மியானாலும் என்னைக் கேளுங்க சார்."

மூன்று மணிக்கு சுதர்சனா மட்டும் வந்தாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

"மத்தவங்கள்லாம் எங்கப்பா?" என்றார் சார். கிரிவலக் கூட்டம் வாசலில் வரிசை கட்டிவிட்டது.

பவன் லேப்டாப்பைத் திறந்தான். நேற்றுத் தன் ஒரு நம்பரை மட்டும் வைத்துச் சோதித்தபோது பிரமாதமாக ஓடிய ஃபங்ஷன். இன்றும் பிழை என்று ஓர் எழுத்து இல்லை. முதல் வரியைப் படித்துவிட்டு, செய்தி அனுப்பும் கட்டளையைக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் கட்டளை அதே குழாயில் வாயை வைத்து, மிச்சம் நூற்றுப் பத்தொன்பது வரிகளையும் உறிஞ்சிவிட்டு, ஏப்பம்கூட விடாமல் போய்விட்டது.

இந்தக் குழாய்க்காகத்தானே ஊரெல்லாம் சண்டை போட்டான்!

பரிமாறும் பட்டியலில் இல்லாத தஹ்சீன், காலையிலேயே சமையல் வேலைக்கு வந்தவள், வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கமாண்டு இன்புட்டைக் குடிச்சிடும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்றதுக்கென்ன?"

"செவ்வாய்க்கிழமை சொன்னேன். 'ஊட்டறவங்ககிட்ட நான் பாடம் கேக்கறதில்ல'னு டீ குடிக்கப் போயிட்ட."

சொன்னாள், சரி. இன்னொரு தடவை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? மூணு வருஷ சிநேகிதத்துக்கு ரெண்டு தடவைகூடக் கிடையாதா? பவனைப் பெற்ற ஃபங்ஷனும் கைவிட்டது, சிநேகிதியும் கைவிட்டாள்.

"சாம்பார் ஆறுதுப்பா!" என்றார் சார்.

பவன் காலி அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமானதும், ஃபங்ஷனிலிருந்து குழாயைப் பிடுங்கி எறிந்தான். இனி ஃபங்ஷன் கையில் கொடுத்த பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

தஹ்சீன் வந்தாள். ஒரு சின்ன ஸ்பூனை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பவன் நிமிரவில்லை. "கனகலதா" என்று தட்டினான். செய்தி போனது. அடுத்து, "அறிவுச்செல்வன்."

இன்னும் நூற்றுப் பதினேழு வாய் இருந்தது.