களிக்குள் கை

வசந்தினி வாளை அண்ணையின் வேட்டியில் சுற்றி, பெட்டிக்குள் அவருடைய வலது காலுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் செருகினாள். பிடி இடறியது. ஒரு கையால் முழங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ள வேண்டியிருந்தது. செத்தவரின் கால் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"என்னடி பிள்ளை, தலையைப் பெட்டிக்குள்ளை விட்டுக்கொண்டு நிக்கிறாய்?" தேத்தண்ணிக் கோப்பையோடு கனகாம்பிகை மாமி வந்துவிட்டாள்.

"அண்ணையின்ரை வேட்டி மாமி. சித்திரை வருசத்துக்குக் கட்டவெண்டு எடுத்து வைச்சவர்."

"வை, வை. போற இடத்திலை ஆர் அவனுக்குத் தோய்ச்சுக் குடுக்கிறது?" மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

வசந்தினி வெள்ளைத் துணியை இழுத்து மூடினாள். ஆச்சு. இனி அதைத் தேடுகிறவன் இந்தப் பெட்டியைக் கிளறட்டும் பார்ப்போம்.

தேடப்போகிறவன் தம்பி பிரகாஸ். வாளும் அவனுடையதுதான்.

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மதில் கட்டின இந்த வளவுக்குள் அண்ணை சுபாஸ்கரன் தாமரை வளர்த்தார். கோயில்களுக்குப் பூ, ஹோட்டல்காரருக்குத் தொட்டியோடு செடி. தொட்டிகள் எல்லாம் உருண்டை. மூலை வைத்த தொட்டி என்றால் கிழங்கின் முளை ஓடிப்போய் மூலையில் முட்டி முறிந்துவிடும் என்பார். தண்ணீரைக்கூட முளையில் அடிபடாமல் ஓரத்தால்தான் ஊற்றுவார். மாசியில் கிழங்கு பிரித்து நடும்போது மண்வெட்டியோ கரண்டியோ தொட்டிக்குள் போகக்கூடாது. வெறுங்கைதான். தோள்வரை களிச்சேற்றுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முளை எங்கே போகிறதென்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். "முளை முறிஞ்சால் கிழங்கு அழுகிப்போம் வசந்தி. உதுக்கு அவசரப்படேலாது."

பெரிய தொட்டியில் இந்த முறை இலை மஞ்சளாகவே வந்தது. காரணம் பிடிபடாமல் அண்ணை கையை விட்டார். அடியில் வாள் கிடந்தது. உள்ளங்கை குறுக்கே பிளந்து, தொட்டித் தண்ணீர் முழுக்கச் சிவந்தது.

கார்த்திகையில் பொலிஸ் வீடு தேடி வரப்போகுதென்று கேள்விப்பட்டு, பிரகாஸ் அதை அங்கே புதைத்துவிட்டு வவுனியாப் பக்கம் ஓடியிருக்கிறான். தாமரைத் தொட்டியை எந்த மாதம் கிளறுவார்கள் என்று அவனுக்கு எங்கே தெரியும்? அதே வளவில் வளர்ந்தவன்தான். ஒருநாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருப்பானா! தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று அண்ணையும் அக்காவும் பொத்திப் பொத்தி வளர்த்ததற்கு அவன் வாள்வெட்டுக் குறூப் வைத்திருக்கிற சுரேஸின் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் ஏறிப் போனான்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்கோ அண்ணை. கண்ணாடி வெட்டினதெண்டு சொல்லுவம்."

"வாள்வெட்டுத் தெரியாத டொக்டரே உங்கை இருக்கினம்? கேட்டால் பொலிஸ் வரும். பெடியன் உள்ளுக்கை போயிடுவான்." அண்ணை காயத்தில் கோப்பித்தூளை அப்பி, பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினார். வாளைக் கழுவி விறகுக்குள் வைத்தார். கை ஆறினதும் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய்க் கடலில் எறிவாராம். "தன்ரை வாள்தான் வெட்டினதெண்டு அவனுக்குத் தெரியக்கூடாது, சொல்லிப்போட்டன். பெடி தாங்கமாட்டான்."

தாங்கமாட்டானாம்! 

கை ஆறவில்லை. ஒரு காலமை வாய் திறக்க முடியவில்லை என்றார். பல்லுக்குத்து என்று நினைத்து அவள் கராம்பு வைத்துவிட்டாள். பின்னேரம் ரயில் கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு அண்ணையின் உடம்பு கட்டிலில் வில்லாக வளைந்தது. குதிக்காலும் உச்சந்தலையும் மட்டும் பாயில் பட்டன. பற்கள் கடித்துக் கடித்து உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரியில் காயத்தால் வந்த ஏற்புவலி என்றார்கள், ஏன் முதலே வரவில்லை என்றார்கள். ஒரு கதவு அடித்தாலும் வளைந்தார். ஒரு கரண்டி விழுந்தாலும் வளைந்தார். கடைசிவரை அவருக்கு நினைவு தப்பவேயில்லை. அதுதான் கொடுமை.

செத்தபிறகு வந்த தம்பிக்கும், மற்றவர்களுக்குப்போல, கம்பி கிழித்தது என்றே வசந்தினி சொல்லி வைத்தாள்.

பந்தலில் பறை தொடங்கியது. வசந்தினி யன்னலால் பார்த்தாள். ஈர வேட்டியோடு நின்ற பிரகாஸை சுரேஸ் யன்னலுக்குக் கிட்டே மதிலோரம் கூட்டிக்கொண்டு போனான். செத்தவீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இண்டைக்குப் பொழுதுபட்டோடனை போகோணும் மச்சான். நாங்கள் போய் வெட்டாட்டி அவங்கள் வந்து வெட்டுவாங்கள். உன்ரை சாமான் கிடக்குத்தானே?"

"கிடக்கு. பெரிய தொட்டிக்குள்ளை. சுடலையாலை வந்து எடுக்கிறன்."

வசந்தினி வெளியே போய் சுரேஸின் கன்னத்தைப் பொத்தி அறைந்தாள். பறை அடிக்கிறவர்களே ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள்.

"வெளியிலை போடா நாயே! இஞ்சை இன்னும் ஒண்டு மிச்சம் கிடக்கெண்டோ வந்தனி?"

"அக்கா! சனம் பாக்குது," பிரகாஸ் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தான்.

"பாக்கட்டும்!"

சுரேஸ் சிரித்துக்கொண்டே போனான். கேற்றுக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்தானே தவிர, அங்கிருந்து அசையவில்லை.

கிரியை முடிந்து பெட்டியை மூடினார்கள். தூக்கும்போது மாமா, "என்னப்பா, இவ்வளவு பாரமாக் கிடக்கு?" என்றார்.  "பிரேதம் குளிர்ந்தால் பாரம்தான்," என்று யாரோ சொல்ல, பெட்டி தோளுக்கு ஏறியது. பிரகாஸ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் கேற்றோடு நின்றுவிட்டார்கள். மார்பில் அடித்து அழுத மாமிமார் நடுவில் வசந்தினி மட்டும் கண்ணைத் துடைக்காமல் தெரு முடக்குவரை பார்த்துக்கொண்டு நின்றாள். போ, கொண்டுபோ. உன் கையாலேயே எரித்துவிட்டு வா.

பொழுது சாயத் திரும்பி வந்தவன் குளிக்கவில்லை. நேரே பெரிய தொட்டிக்குப் போய்த் தோள்வரை கையை விட்டான். அண்ணை மாதிரித் தடவவில்லை. பிறாண்டினான். தண்டுகள் நொறுங்கின. பிறகு அடுத்த தொட்டி, அதற்கடுத்தது.

"எங்கையக்கா?"

"என்னது?"

"விளையாடாதை. நீ எடுத்தனிதானே?"

கேற்றடியில் ஹோர்ன் அடித்தது. பிரகாஸ் கிணற்றடியில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினான். முதல் அடியில் பெரிய தொட்டி இரண்டாகப் பிளந்தது. களியும் தண்ணீரும் முற்றத்தில் பாய, நுளம்புக்குட்டி தின்னவென்று அண்ணை விட்டிருந்த மீன்குஞ்சுகள் மண்ணில் துள்ளின. அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தொட்டியாக அடித்தான். பூ இருந்தது, மொட்டு இருந்தது, நேற்று விரிந்த இலை இருந்தது, எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனான். மாமி "ஐயோ, விசர் பிடிச்சிட்டுதே" என்று குசினிக்குள் ஓடிக் கதவைப் பூட்டினாள்.

கடைசித் தொட்டியும் போனபிறகு வசந்தினியின் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டில் ஏதோ நொறுக்கென்றது.

"சொல்லடி!"

அக்காவை அவன் 'அடி' போட்டது அதுதான் முதல் தடவை.

"பெட்டிக்குள்ளை வைச்சனான். நீதான் தூக்கிக்கொண்டு போய்க் கொள்ளி வைச்சனி. போ, நெருப்புக்குள்ளை எடு."

அலவாங்கு அவளுடைய தலைக்கு மேலே உயர்ந்தது. அவள் விலகவில்லை.

"அடி! அண்ணையைச் சாக்காட்டினனி, என்னையும் கொல்லு."

"நான் எப்ப... கம்பியெல்லே கிழிச்சது?"

"கம்பியோ? களிக்குள்ளை கையை விட்டுத்தானே அந்த மனுசன் முளை தேடுறது. உன்ரை வாள் கிடந்துது அதுக்குள்ளை. நீ பிடிபட்டிடுவாயெண்டு ஊசி போடக்கூடப் போகேல்லை. வாய் பூட்டிச் செத்தது உனக்காகத்தான். விளங்குதே? உனக்காகத்தான்!"

சொல்லக்கூடாது என்று அண்ணை கெஞ்சியது அவளுக்கு ஞாபகம் வந்தது. சொன்னதில் ஒரு துளி கவலையும் வரவில்லை. நன்றாகப் படட்டும் என்றுதான் இருந்தது.

பிரகாஸ் தன் கையைப் பார்த்தான். தோள்வரை கறுத்த களி அப்பிக் கிடந்தது.  மறுபடி ஹோர்ன் அடித்தது. "அலவாங்கே போதும், வா மச்சான்!" சுரேஸின் குரல். பிரகாஸ் அலவாங்கோடு கேற்றைத் தாண்டிப் போனான். கண்ணாடி நொறுங்கியது. யாரோ தூஷணத்தில் கத்தினார்கள். பிறகு மோட்டார்சைக்கிள் உறுமிக்கொண்டு தூரத்தில் போய் மறைந்தது.

வசந்தினி தெருவுக்கு ஓடினாள். மோட்டார்சைக்கிளின் லைற்றுக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. தம்பி இல்லை. எதை வேண்டாமென்று பிணத்தோடு வைத்து அனுப்பினாளோ, அது இல்லாமலே சுரேஸோடு போய்விட்டானே. உண்மையைச் சொல்லி நானே துரத்திவிட்டேனோ என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. ஐயோ, இருந்த ஒன்றையும் விட்டுவிட்டாளே!

கேற்றைத் திறந்தே வைத்தாள். முற்றத்தில் குந்தி, ஒற்றைக் கையால் களியைத் தடவி, முளை முறியாத கிழங்குகளை மட்டும் பொறுக்கி, உடையாமல் கிடந்த கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்குள் வைத்து, ஈரச்சாக்கால் மூடினாள். கொஞ்சம்தான் தப்பியிருந்தன. வீங்கின மணிக்கட்டோடு தண்ணீர் அள்ள முடியவில்லை.

காலமை காடாத்துக்குச் சாம்பல் அள்ளப் போன மாமாவோடு பிரகாஸ் திரும்பி வந்தான். உடம்பில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்றுதான் வசந்தினி முதலில் பார்த்தாள். இல்லை. விரல்கள் மட்டும் பொக்களித்துத் தோலுரிந்து கிடந்தன. கையில் சாக்கில் சுற்றின ஏதோ ஒன்று.

"நாங்கள் போக முதலே இவன் அங்கை இருக்கிறான், பிள்ளை," மாமா மெல்லச் சொன்னார். "ராத்திரி முழுக்க இருந்திருக்கிறான் போலை. தணல் ஆறவும் இல்லை. வெறுங்கையாலை சாம்பலைத் தடவிக்கொண்டு..." அவர் சாம்பல் முட்டியைக் கேற்றடி வேம்பில் கட்டப் போனார். சாம்பலைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குப் போக வான் மத்தியானம்தான் வரும்.

பிரகாஸ் சாக்கை அவிழ்த்து, உள்ளே கிடந்ததைக் கிணற்றுக்கட்டில் வைத்தான். பிடி எரிந்துபோய், கறுத்து, தகரம் மாதிரி வளைந்திருந்தது.

"உதென்ன தம்பி?" மாமி எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியிலை இருந்த இரும்பு மாமி."

 வசந்தினியை அவன் பார்க்கவில்லை. குளிக்கச் சேட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டான். பொக்களம் உடைந்து கயிறு நனைந்தது. வாளி மேலே வந்ததும் தலைக்குத் தூக்கியவன், பக்கத்துத் தொட்டியை மூடியிருந்த ஈரச்சாக்கைக் கண்டு நின்றான். அதை விலக்கினான். உள்ளே முளை முறியாத கிழங்குகள் கிடந்தன. பிறகு வாளியை இறக்கி, முளைகளில் அடிபடாமல், தொட்டியின் ஓரத்தால் மெல்ல மெல்ல ஊற்றினான்.