சீதனத்துக்குப் புறம்பானவை

1.

இந்தக் கதை ஒரு வக்கீல் கடிதத்திலிருந்த ஒற்றைச் சொல்லில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: “கல்யாணம் என்பது இரு வீட்டாரின் ஒப்பந்தம் என்று சட்டம்...”

(கைவிட்டேன். கேக் செய்கிறவளின் கதைக்குப் பிரசங்கம் எதற்கு?)

2.

மொழிபெயர்ப்பாளர் லோஜினி, லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து ஜெயகௌரிக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். பிரிந்துபோன கணவன் தவபாலனின் வக்கீல் அனுப்பியது.

“உங்கட பரஃபர்னேலியாவைச் சனிக்கிழமை வந்து எடுக்கட்டாம், அக்கா.”

“அப்பிடியெண்டா?”

“தட்டுமுட்டுச் சாமான்.”

ஜெயகௌரி தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். தென்லண்டனில் எத்தனையோ தமிழ்க் கல்யாணங்களுக்குக் கேக் செய்தவள். அச்சுகள், ஐசிங் குழல்கள், அவளுடைய கல்யாணத்துக்குத் தமக்கை கொடுத்த பெரிய மிக்ஸர், எல்லாமே தோர்ண்டன் ஹீத்தில் அவன் வீட்டில் கிடந்தன.

“பதினாறு வருசம் செய்த வேலை, தட்டுமுட்டோ?”

3.

அப்படிக் கேட்ட ஜெயகௌரியின் முகம் லோஜினியை விடவில்லை. சொல்லைத் தேடிப் போனாள். பழைய கிரேக்கச் சட்டச்சொல் அது. ‘பெர்னே’ என்றால் சீதனம். ‘பரா’ என்றால் அதற்குப் புறம்பாக. சீதனத்துக்கு மேலாகப் பெண் கொண்டுவரும், அவளுக்கே உரிய பொருள். ஆங்கிலம் அதைப் புழங்கிப் புழங்கித் தட்டுமுட்டாக்கிவிட்டது.

(வக்கீலுக்கு இது தெரிந்திருக்காது. இன்றைய நீதிமன்றத்தில் இந்த வாதம் எடுபடாது என்று லோஜினிக்கும் தெரியும்.)

இருந்தும் ஃபோன் எடுத்தாள். “அக்கா, நான் அரைகுறையாச் சொல்லிப்போட்டன்.”

முழுக்கக் கேட்டபின் ஜெயகௌரி சொன்னாள்: “அப்ப அதெல்லாம் என்ர எண்டு அவரே எழுதித் தந்திட்டார். சனிக்கிழமை நீரும் வாரும்.”

4.

தவபாலன் மிக்ஸரை மறித்து நின்றான். “சில்லறைச் சாமான் எண்டுதானே எழுதினது. இது அதுக்குள்ள வராது.”

“வரும்.” ஜெயகௌரி அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து நிதானமாக விளக்கினாள்.

(இங்கே அவனைக் கத்தவைத்து ஒரு பந்தி எழுதிக் கிழித்தேன். அவன் கத்துகிற ஆளில்லை.)

அவன் லோஜினியைப் பார்த்தான். “உண்மையே?”

“ஓம் அண்ணை.”

மறித்து நின்ற இடத்தைவிட்டு விலகினான். பிறகு மிக்ஸரின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கி, வாசலில் அவள் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வான் வண்டிக்குள் ஏற்றினான். மூச்சு வாங்கியபடி கேட்டான்:

“அப்ப நான் எதுக்குள்ள? சீதனத்துக்குள்ளயோ, புறம்பாயோ?”

5.

ஜெயகௌரி பதில் சொன்னாள். அதை லோஜினி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள். “அது அவை ரெண்டுபேரின்ர கதை” என்றாள். நானாக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. அந்த வாசலில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயகௌரி வான் கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“