2316 நம்பர் மரம்

எங்கள் பழைய ஃபேக்டரி வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள்: ‘மனிதக் கை படாத காடு.’ ஒவ்வொரு வருஷமும் அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்திரண்டு வருஷம் அங்கே லேத் ஓட்டியவன் நான். அங்கே என் கை படாத இடம் எது?

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம். ரிட்டயர் ஆகும் அன்று ஆள் ஒரு மரக்கன்று நடுவார். கன்று தேறியதும் அவருடைய பித்தளை டோக்கனை அதில் ஆணியடித்து வைப்போம். மைக்கேல்ராஜ் நட்டது தூங்குமூஞ்சி மரம், நம்பர் 2316. அடுத்த நம்பர் என்னுடையது. நான் ரிட்டயர் ஆக ஒன்பது மாதம் இருக்கும்போது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய இடம்தான் இப்போது காடு. டோக்கன் இன்னும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

மைக்கேல்ராஜ் இறந்து பன்னிரண்டு வருஷம். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லையென்று அவன் குழியிலேயே வேறொருவரைப் புதைத்துவிட்டார்கள். அவன் மனைவி யூனிஸுக்கு மிச்சம் அந்த மரம்தான். அவன் இறந்த நாளில் நாங்கள் இருவரும் காக்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போய் மரத்தடியில் ஜெபம் சொல்லிவிட்டு வருவோம்.

இந்த வருஷம் போனபோது, காட்டைச் சுற்றிக்காட்டும் அதிதி என்ற பெண் அந்த மரத்தடியில் நின்று பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“வெளிநாட்டு மரத்துக்கெல்லாம் சிவப்புக் குறி போட்டு வெட்டிட்டு வர்றோம். ஆனா தானா முளைச்சதைத் தொடமாட்டோம். இதுவும் வெளிநாட்டு மரம்தான், ஆனா தானா வந்தது. இந்த நம்பர் கம்பெனிக்காரங்க மரம் எண்ணினப்போ அடிச்சது. இதுக்கு அடுத்த 2317ஐக் காணோம். யாரோ வெட்டி வித்துட்டாங்க.”

யூனிஸ் என் கையைப் பிடித்தாள். “அண்ணே, சும்மா இருங்க.”

இருந்திருக்கலாம். வெட்டி விற்றார்களாமே! டோக்கனை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது மரத்து நம்பர் இல்லம்மா, ஆளு நம்பர். 2317 நான்தான். எனக்கு நட சான்ஸே குடுக்கல. 2316 மைக்கேல்ராஜ். மாலையும் கழுத்துமா நின்னு நட்டான், நான் தண்ணி ஊத்தினேன். நம்பர் இருக்கிற மரம் அத்தனையும் எங்க ஆளுங்க நட்டது!”

அதிதியின் முகம் மலர்ந்தது. மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

“தேங்க்ஸ் அங்கிள். இத்தனை நாள் தெரியாமலே விட்டுட்டோமே.” பையிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்தாள். டோக்கனுக்கு மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். “அப்போ இதுவும் நட்ட மரம்தான்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. யூனிஸ் காக்ஸ் டவுன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.